சம்பளத்தில் கை வைத்தால்... கேட்டு வாங்க வழி இருக்கிறது!

மேலூர் பக்கம் பெரியாறு தண்ணீரை நம்பியது ஒருபோக நெல். தை, மாசியில் அறுப்பு முடிந்தால் வயலில் வேலை இல்லை. அதன்பிறகு அரவை மில், செங்கல் சூளை, கட்டட வேலை என்று வீட்டுக்கு ஓர் ஆளாவது வெளியில் போனால்தான் அடுத்த விதைப்புக்குக் கையில் காசு தங்கும்.

திருவாதவூரிலிருந்து ஒரு தாய் அனுப்பிய கடிதமும் இப்படிப் போன மகனைப் பற்றியதுதான். மாதம் 14,000 ரூபாய் பேசி ஓர் அரவை மில்லில் சேர்ந்த பையன். கடைசி மாதம் கையில் கிடைத்தது 5,500. மழையில் மூட்டை நனைந்ததற்கு 6,000 பிடித்தம், மேஸ்திரி கமிஷன் 2,500. ‘பகைத்துக்கொள்ளாதே, உன் தம்பியும் அங்கேதான் இருக்கிறான்’ என்று ஊரில் சொல்கிறார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. பொருள் சேதத்துக்குப் பிடிக்க வேண்டுமென்றால், அந்தப் பொருள் அந்தத் தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். சேதம் அவருடைய கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். கூரை ஒழுகி நனைந்த மூட்டைக்கு, தூக்கிப் போட்டவன் தலையில் எப்படிக் கட்டுவது? மேஸ்திரி கமிஷன் என்ற பிடித்தமோ சட்டத்தின் பட்டியலிலேயே கிடையாது. போகட்டும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி 7,000, பிடித்தது 8,500.

இந்த மேஸ்திரி கமிஷன் பழைய வியாதி. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்தவர்களுக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆளைக் கூட்டி வந்த ஜமேதார் அதில் ஒரு ரூபாயைத் தனக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மனித உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று அந்த வருடம் செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு ரூபாயில் தொடங்கிய வழக்கு அது.

மதுரையில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். எந்தத் தேதியில் சேர்ந்தார், பேசிய சம்பளம் எவ்வளவு, வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதினால் போதும். ‘ரசீது இல்லையே’ என்று பலர் பின்வாங்குகிறார்கள். சம்பளம் சரியாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனாலும் சும்மா போகாதீர்கள். ஜிபேயில் வந்த பணத்தின் விவரம், மேஸ்திரி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது, வருகைக் குறிப்பேட்டை எடுத்த படம், கூட வேலை பார்த்த இருவரின் பெயர் எல்லாம் உதவும். போன் மாற்றும்போது இவற்றை அழித்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள்தான் அதிகம். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

கேட்பதற்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு. பிடித்த தொகையோடு, அதைப் போல பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு இடமிருக்கிறது. உத்தரவு வந்தும் தராவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். ஜப்தி என்றால் என்ன என்று விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வக்கீல் செலவுக்குப் பயந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

தம்பி விஷயத்துக்கு வருவோம். பையன் பெயரில் மட்டும்தான் மனு போக வேண்டும் என்றில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கமோ ஆய்வாளரோ அவருக்காக மனுச் செய்யலாம்; ஒரே இடத்தில் வேலை செய்யும் எத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே மனுவும் போடலாம். அந்த மில்லில் மூட்டை நனைந்ததற்குப் பிடித்தம் வாங்கியவர் இவர் ஒருவர் மட்டும்தானா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள் அம்மா.