செராம்பூரில் சனிக்கிழமை மாலை

பல குடும்பங்கள், ஒரே சமையல், ஒரே பணப்பெட்டி. இப்படி வாழ்ந்தால் மனக்கசப்பு வராமல் இருக்குமா?

1800-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த மிஷனரிகள் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரைச் செராம்பூரில், கூட்டுக் குடும்பமாக வாழத் தொடங்கினார்கள். வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர் பொறுப்பு. தனக்கென்று யாரும் வியாபாரம் செய்யக் கூடாது. இன்னொரு விதியும் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சனிக்கிழமை மாலையைச் சமாதானத்துக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள்! யாருக்கு யார்மேல் வருத்தம் இருந்தாலும் அன்றைக்குப் பேசித் தீர்த்துவிட வேண்டும். பிறகு, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடியும் வாக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் நன்றியோடு சொல்ல வேண்டிய பெயர் ஹன்னா, மார்ஷ்மனின் மனைவி. கேரியின் மனைவி டாரதி மனநோயால் துன்பப்பட்டார். கேரியோ மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்தார். கவனிப்பாரின்றித் திரிந்த அவர்களுடைய பையன்களைத் தாயைப் போல அரவணைத்தவர் ஹன்னாதான். அவரும் கணவரும் நடத்திய விடுதிப் பள்ளியின் வருமானமும் அந்தப் பொதுப் பணப்பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது.