தானியத்தை நிறுத்தினால் இறங்குவது எது?

சப்பாத்தி, இட்லி, சோறு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கு முதல் வாரத்திலேயே எடை இரண்டு, மூன்று கிலோ குறைந்துவிடும். எடை இயந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனால் இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். தானியம் நின்றதும் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். அதோடு இருந்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. இன்சுலின் அளவு தாழ்வதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. அந்த வாரத்தில் பலருக்கு வரும் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் வரும் கிறுகிறுப்பு ஆகியவற்றுக்கு இதுதான் முக்கியக் காரணம். கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாளே இரண்டு கிலோ ஏறிவிட்டதே என்று பதறுகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: திரும்பி வந்தது பெரும்பாலும் அதே தண்ணீர்.

இரண்டாவது மாதமும் மூன்றாவது மாதமும் எடை இறங்கிக்கொண்டே போனால், அது பெரும்பாலும் கொழுப்பு. அதற்கான பெருமையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

தானியத்தை விட்டால் இளைக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. லண்டனில் சவப்பெட்டி செய்து இறுதிச் சடங்குகள் நடத்தும் தொழிலில் இருந்த வில்லியம் பான்டிங், மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விட்டு, ஓராண்டில் சுமார் 20 கிலோ இளைத்தார். 1863-இல் அவர் அதைப் பற்றி வெளியிட்ட சிறு நூல் அந்நாளில் பரபரப்பாக விற்றது. நம் காலத்தில் அமெரிக்க இதய மருத்துவர் வில்லியம் டேவிஸ், 2011-இல் ‘வீட் பெல்லி’ என்ற நூலில் நவீன கோதுமைதான் தொப்பைக்குக் காரணம் என்று எழுதினார். தமிழில் நியாண்டர் செல்வன் என்ற புனைபெயரில் எழுதுபவர் முகநூல் வழியாகத் தானியத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையைப் பரப்பினார். அதைப் பின்பற்றி எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் சொல்வது உண்மைதான். சந்தேகம் எல்லாம் கோதுமைமேல் சுமத்தப்படும் பழியின்மீதுதான்.

கோதுமையை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது அவரை விட்டுப் போனது என்னென்ன என்று பார்க்க வேண்டும். நாலு மணி டீயோடு வரும் பிஸ்கட், பேக்கரி பப்ஸ், தேங்காய் பன், கேக், இரவில் சால்னாவில் ஊறும் பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பூரி, கேசரி, சமோசா. இவற்றில் மைதாவோ ரவையோ மட்டும் இல்லை. சர்க்கரையும் எண்ணெயும் வனஸ்பதியும் சேர்ந்தே இருக்கின்றன. எளிதில் நிறுத்த முடியாமல் அள்ளித் தின்ன வைப்பது இந்தக் கூட்டுதான். 2019-இல் வெளியான ஆய்வில், அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. தானியம் போன இடத்தில் முட்டை, பனீர், மீன், இறைச்சி வந்து அமர்வதும் கவனிக்க வேண்டியது. புரதம் பசியைச் சீக்கிரம் அடக்கும். யாரும் கணக்குப் பார்க்காமலே கலோரி குறைந்துவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, மாவுச்சத்தைக் குறைப்பதுதான் இளைக்க வைக்கிறதா என்பதை நேராகவே சோதித்தது. 609 பேரில் ஒரு பாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவு, மறுபாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவு. இரு தரப்பினரும் சர்க்கரையையும் சுத்திகரித்த மாவையும் தவிர்த்து, காய்கறிகளை நிறையச் சாப்பிட வேண்டும். ஓராண்டு முடிவில் முதல் தரப்பு சராசரியாக 6 கிலோ, அடுத்த தரப்பு 5.3 கிலோ இளைத்திருந்தது. இந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதல்ல. ஆனால் ஒவ்வொரு தரப்புக்குள்ளும் ஆளுக்கு ஆள் பெரும் வேறுபாடு இருந்தது. சிலர் நிறைய இளைத்தார்கள், சிலர் ஏறவே செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 15 கிலோ குறைந்ததே, நமக்கு மட்டும் ஏன் குறையவில்லை என்று நொந்துகொள்பவர்களிடம் இந்த ஆய்வைத்தான் நான் சொல்வேன்.

சர்க்கரைக்குச் சப்பாத்தியா?

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தானியக் குறைப்பு வெறும் அழகுக் கணக்கு அல்ல. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ என்ற ஆய்வு 2023-இல் கணித்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தும் ஆய்வு இது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த அளவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு இறங்கும், எடையோடு சேர்ந்து இரத்த அழுத்தமும் கல்லீரல் கொழுப்பும் குறையும்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. சர்க்கரை என்று தெரிந்த அன்றே இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடும். 30 கிராம் மாவில் தேய்த்த சப்பாத்தி நான்கு சாப்பிட்டால், அது 120 கிராம் மாவு. அதில் இருக்கும் மாவுச்சத்து 75 கிராமுக்கு மேல். 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ அதே அளவுதான். சிறுதானியமும் தானியமே. குதிரைவாலிப் பொங்கலையும் தினைப் பாயசத்தையும் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று கேட்பதில் பயனில்லை. அந்த 2025 ஆய்விலும் இதுவே தெரிந்தது: அரிசி போன்றவற்றுக்குப் பதிலாக அரைத்த முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அங்கே பருப்பு, பயறு, பால்பொருள் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது அபாயம் குறைவாக இருந்தது.

எவ்வளவு குறைப்பது? புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 19, 20 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்று இதே குழு 2022-இல் 18,090 பேரின் தரவை வைத்துக் கணக்கிட்டது. அதாவது பூஜ்ஜியம் தேவையில்லை. இந்த எண் எனக்குப் பெரிய ஆறுதல். வாழ்நாள் முழுவதும் இட்லியைத் துறக்கச் சொன்னால் முடியாது என்று ஒதுங்கிவிடுபவர்கள், நான்கு இட்லியை இரண்டாக்கிக் கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்க்கச் சொன்னால் செய்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை உரக்கச் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் தானியத்தை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்து அடியோடு நின்றால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை அதிகமில்லாததுபோலவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரைகளும் எடை இறங்க இறங்க மிகையாகிவிடும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் இதைத் தாமாகத் தொடங்கவே வேண்டாம். உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் போய் வருவதுதான் சரி.

எடை ஏறும் மனிதர்கள்

கோதுமையை நிறுத்தினால் எடை கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வந்தால் உடம்பின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்கும். உணவை உறிஞ்சும் குடலின் உட்பரப்பு தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் மசியாத இரத்தசோகை, வளர்ச்சி நின்றுபோன குழந்தை என்று அது வெளிப்படும். கோதுமை நின்று குடல் ஆறினால் இவர்கள் தேறிச் சதைபிடிக்கிறார்கள்.

இதைக் கண்டறிந்த கதை நெதர்லாந்தில் நடந்தது. வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு 1930-களிலேயே ரொட்டியின்மேல் ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் நாடே பட்டினி கிடந்து ரொட்டி அரிதானபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் தம் ஆய்வேட்டில் அவர் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார்.

இந்தியாவில் இந்நோய் எங்கே இருக்கிறது என்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 23,331 பேரைச் சோதித்ததில் நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுவோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வடக்கே ஒருவர் சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். தெற்கில் நோய் அரிதாக இருப்பதற்கு நம் அரிசித் தட்டு ஒரு காரணமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குத் தினமும் நூடுல்ஸும் பிரெட்டும் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் இதை மருத்துவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி உள்ளவர்கள் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின் பார்த்தால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இல்லை என்று முடிவு வரக்கூடும். நோய் உறுதியானால் பத்தியம் வாழ்நாள் முழுதும். ரவை, சேமியா, மைதா எதுவும் ஆகாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், ரசத்தில் ஒரு சிட்டிகை போடுவதற்குமுன் அட்டையைப் படிக்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் இவர்களுக்குத் தாராளமாக ஆகும். எல்லாத் தானியமும் விஷம் என்று சொல்வது இந்தக் குடும்பங்களைத் தேவையில்லாமல் வதைப்பது.

சீலியாக் இல்லாமலே கோதுமை தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்கள் நிறைய. அவர்கள் கற்பனை செய்யவில்லை. ஆனால் காரணம் பலருக்குக் குளூட்டன் அல்ல. 2018-இல் வெளியான ஆய்வில், ஆஸ்லோவில் 59 பேருக்கு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, தொந்தரவு கூடியது குளூட்டனால் அல்ல, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுப்பொருளால். அதே ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. சப்பாத்தியை விட்டும் உப்புசம் போகாதவர்கள் சின்ன வெங்காயச் சாம்பாரையும் பூண்டுக் குழம்பையும் சில வாரம் குறைத்துப் பார்க்கலாம்.

தட்டில் எது மிஞ்சுகிறது

தானியத்தை அறவே விட்டவர்களுக்கு மலச்சிக்கல் வருவது சகஜம். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, கீரை என்று நார் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். வேகமாக இளைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டலாம். பித்தப்பைக் கல்லும் வரலாம். டிரைகிளிசரைடு இறங்கும் அதே நேரத்தில் சிலருக்கு எல்டிஎல் கொழுப்பு வெகுவாக ஏறுகிறது. நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் அதிகமானவர்களிடம் இது கூடுதல். ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. மாரடைப்புக்கும் எல்டிஎல்லுக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. தொடங்கும்முன் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் பரிசோதித்து, ஏறியிருந்தால் உணவை மாற்ற வேண்டும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 250 கிராம் தானியம் போதும் என்கிறது. கலோரியில் 45 சதவீதத்துக்கு மேல் தானியத்திலிருந்து வேண்டாம் என்பது அதன் கணக்கு. காலை தோசை, மதியம் சோறு, இரவு மறுபடி தோசை என்று இருக்கும் வீட்டில் இது எளிதாகத் தாண்டிப்போகும். குறைக்கலாம்தான். குறைத்த இடத்தில் வைக்க முட்டை, பயறு, தயிர், மீன் வாங்கக் காசு வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய் மானிய விலையில். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் அது தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். கூலி வேலை செய்யும் நீரிழிவு நோயாளியிடம் சோற்றைக் குறைக்கச் சொல்லும் அரசு மருத்துவமனை, அந்தப் பசிக்கு வேறு என்ன சாப்பிடுவது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ரேஷனில் பருப்பைக் கூட்டுவதும், பாசிப்பயறு, கொண்டைக்கடலையைச் சேர்ப்பதும் அந்தப் பதிலின் முதல் படியாக இருக்கலாம்.