ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம்: பயமின்றி முயற்சிக்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் சில மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "விண்டோஸ் இருக்கட்டும், லினக்ஸையும் போட்டுப் பார்க்க ஆசை. இருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். முடியுமா?" முடியும். ஆனால் 2009ல் நான் செய்ததைப் போல் செய்ய வேண்டாம்.

அப்போது ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து, இரண்டு சிஸ்டங்களையும் பதியும் டூயல் பூட் முறையில் இறங்கினேன். டிஸ்க் முழுவதையும் அழித்து லினக்ஸைப் பதியவா என்று இன்ஸ்டால் புரோகிராம் கேட்டது. சரியாகப் படிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். லினக்ஸ் அழகாக வந்தது. விண்டோஸ் போயிற்று; கூடவே என் தங்கையின் திருமணப் போட்டோக்களும் போயின. வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை. தவறு லினக்ஸ் மீது இல்லை; என் மீதுதான்.

இந்த ஆபத்து இல்லாத வழிதான் விர்ச்சுவலைசேஷன்.

இது எப்படி இயங்குகிறது?

ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருப்பதைப் போலத்தான். விண்டோஸ் வீட்டுக்காரர், இதனை ஹோஸ்ட் என்பார்கள். உள்ளே குடிவரும் லினக்ஸ், கெஸ்ட். இடையில் இருக்கும் புரோகிராம், ராம் மெமரியில் ஒரு பங்கைக் கெஸ்ட்டுக்குப் பிரித்துத் தரும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய பைலை உருவாக்கி, "இதுதான் உன் ஹார்ட் டிஸ்க்" என்று அதனிடம் காட்டும். லினக்ஸும் அதனை நம்பி அந்த பைலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

இது புதிய யோசனை அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே தன் பெரிய மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதியை அறிவித்தது. 1999ல் வி.எம்.வேர் நிறுவனம் இதனைப் பெர்சனல் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது.

என்ன தேவை?

இன்டெல் அல்லது ஏ.எம்.டி. பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில் குறைந்தது 8 ஜிபி ராம் மெமரியும், 30 ஜிபி காலி இடமும் இருக்கட்டும். 4 ஜிபி மட்டும் இருந்தால் இரண்டு சிஸ்டங்களும் தவழும்.

அடுத்து, டாஸ்க் மானேஜரைத் திறந்து பெர்பார்மன்ஸ் டேபில் சிபியு பகுதியைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்டு என்று இருக்க வேண்டும். இல்லையெனில் பயாஸ் செட்டிங்ஸ் சென்று அதனை இயக்க வேண்டும்.

எப்படி அமைப்பது?

1. ஆரக்கிள் நிறுவனத்தின் இலவச விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமை, அதற்குரிய தளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும்.

2. லினக்ஸ் மின்ட் சிஸ்டத்தின் ஐ.எஸ்.ஓ. பைலை டவுண்லோட் செய்திடவும். புதியவர்களுக்கு இது எளிது.

3. விர்ச்சுவல்பாக்ஸில் நியூ கிளிக் செய்து, ஒரு பெயர் கொடுத்து, அந்த ஐ.எஸ்.ஓ. பைலைக் காட்டவும்.

4. மெமரி 4096 எம்பி, பிராசசர் 2, டிஸ்க் 25 ஜிபி எனத் தரவும். மொத்த ராமில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

5. ஸ்டார்ட் கிளிக் செய்தால் ஒரு விண்டோவுக்குள் லினக்ஸ் எழும். அதிலுள்ள இன்ஸ்டால் ஐகானில் டபுள் கிளிக் செய்திடவும்.

இப்போது, என்னைக் கவிழ்த்த அதே கேள்வி வரும்: டிஸ்க்கை அழிக்கவா? இம்முறை தைரியமாகச் சரி என்று சொல்லலாம். அழியப்போவது அந்த ஒரு பைலுக்குள் இருக்கும் வெற்றிடம்தான். முதல் முறை இதனை கிளிக் செய்தபோது என் விரல் கொஞ்சம் நடுங்கியது உண்மை. விண்டோஸில் ஒரு பைல்கூட அசையவில்லை.

மவுஸ் கர்சர் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது பக்க கண்ட்ரோல் கீயை அழுத்தவும், வெளியே வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

எல்லாம் நன்றாக இயங்கும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னர் ஏதேனும் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அதுவும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது; டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும்.

இரண்டு சிஸ்டங்களுக்கும் பொதுவாக ஷேர்டு போல்டர் அமைத்தால், அதில் லினக்ஸிலிருந்து அழிக்கும் பைல் விண்டோஸிலும் அழியும். எனவே ரீட்-ஒன்லி என்பதில் டிக் செய்திடுங்கள்.

பழைய புரோகிராம் ஒன்றுக்காக எக்ஸ்பி சிஸ்டத்தைக் கெஸ்ட்டாக வைப்பவர்கள், அதற்கான லைசென்ஸ் தனியே தேவை என்பதை நினைவில் கொள்ளவும். எக்ஸ்பிக்கான சப்போர்ட் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஆகவே அதற்கு இன்டர்நெட் இணைப்பு தர வேண்டாம்.

கெஸ்ட் பிடிக்கவில்லையா? விர்ச்சுவல்பாக்ஸில் அதனை ரிமூவ் செய்து, பைல்களையும் நீக்கச் சொன்னால் போதும். வந்த சுவடே இருக்காது.

இருந்தாலும் தொடங்கும் முன் உங்கள் போட்டோக்களை ஒரு வெளி டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். விர்ச்சுவலைசேஷனுக்கு அது தேவையில்லைதான். ஆனால் என் தங்கை இன்றும் அந்தப் போட்டோக்களைப் பற்றிக் கேட்கிறாள்.