ஷெல் எந்தக் கோப்பை எப்போது படிக்கிறது?

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரிய கேட்டில் நுழைபவர் முதலில் அங்குள்ள பொது அறிவிப்பைப் படிக்கிறார். பின்பு தமக்குரிய குறிப்பைப் பார்க்கிறார். பகலில் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது அவர் மறுபடியும் கேட்டுக்கு வருவதில்லை. அப்பிரிவின் வாசலில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்கிறார். லினக்ஸ் கணிப்பொறியிலுள்ள ஷெல்லும் ஏறத்தாழ இப்படித்தான்.

ஷெல் என்பது யாது? நாம் தட்டச்சு செய்யும் ஆணையை வாங்கி, உரிய நிரலைத் தேடி இயக்கும் இடையாள் அது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. அதன் வழியில் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பேஷ்' 1989-ல் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸிலும் இருப்பது பேஷ்தான்.

மூன்று வழிகள்

முதலாவது, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது. அப்போது பேஷ், எல்லோருக்கும் பொதுவான 'ப்ரொஃபைல்' கோப்பைப் படிக்கும். பிறகு உங்கள் அடைவில் 'பேஷ்-ப்ரொஃபைல்', 'பேஷ்-லாகின்', 'ப்ரொஃபைல்' என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதை மட்டும் படிக்கும். எனவே புதிதாக ஒரு 'பேஷ்-ப்ரொஃபைல்' எழுதினால், பழைய 'ப்ரொஃபைல்' இருந்தும் பயனில்லை!

இரண்டாவது, நுழைந்தபின் திரையில் புதிய ஆணைச் சாளரம் திறப்பது. இப்போது படிக்கப்படுவது 'பேஷ்-ஆர்சி'.

மூன்றாவது, குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் 'கிரான்' தானே ஆணையிடுவது. இங்கே மேற்சொன்ன எந்தக் கோப்பும் படிக்கப்படுவதில்லை.

இதனால் என்ன?

தோல் கழிவால் பாலாறு மாசுபட்டது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரின் அளவுகளை ஒழுங்காகக் குறித்து வைப்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் மணிக்கொருமுறை பி.எச். அளவைப் பதியும் நிரல் இருப்பதாகக் கொள்வோம். அது இருக்குமிடத்தை 'பேஷ்-ஆர்சி'யில் எழுதிவிட்டு, சாளரத்தில் இயக்கிப் பார்க்கிறோம், ஓடுகிறது. இரவில் கிரான் அதே பெயரைச் சொல்லி அழைக்கிறது. ஷெல்லுக்கு நிரலின் இருப்பிடம் தெரியாது. விடிந்து பார்த்தால் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை!

பரிகாரம் எளிது. கிரானிடம் நிரலின் முழு முகவரியையும் கொடுத்துவிட வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். உங்கள் அடைவிலுள்ள ஒவ்வொரு தொடக்கக் கோப்பின் இறுதியிலும், அதன் பெயரை அச்சிடும் 'எக்கோ' ஆணை ஒன்றைச் சேருங்கள். ஒருமுறை வெளியேறி நுழைந்தும், ஒருமுறை சாளரம் திறந்தும் பாருங்கள். எந்த வாசலில் எது படிக்கப்படுகிறது என்பதை ஷெல்லே சொல்லிவிடும். சோதனை முடிந்ததும் அவ்வரிகளை நீக்கிவிட மறவாதீர்கள்.