பத்து நாள் முகாமும் ஏழு நாள் முகாமும்

1986 டிசம்பர். மதுரைக்கு மேற்கே ஒரு கம்மாய்க்கரைக் கிராமம். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளில் ஜமுக்காளம் விரித்து ஐம்பது பேர் படுத்திருந்தோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) சிறப்பு முகாம் அப்போது பத்து நாள். காலையில் மண்வெட்டி, மாலையில் மந்தையில் கலை நிகழ்ச்சி, இரவில் யார் என்ன சாதி என்று கேட்காமல் ஒரே பந்தியில் சோறு. அப்படி உட்கார்ந்து சாப்பிடுவது எங்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

தெருவில் தேங்கும் கழிவுநீரைக் கிழக்கே கொண்டுபோக வாய்க்கால் வெட்டினோம். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. நான்காம் நாள் காலையில் காலனியிலிருந்து நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். "நீங்க வெட்டுன தண்ணி எங்க வாசல்ல வந்து நிக்குது. வெட்டுறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றார் மூத்தவர்.

கேட்கவில்லை. சாவடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் மட்டும் கேட்டிருந்தோம். அவர்கள் கிழக்கே விடச் சொன்னார்கள். கிழக்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. திட்ட அலுவலராக இருந்த பேராசிரியர் எங்களைத் திட்டவில்லை. "போய் அவங்ககூட உட்கார்ந்து பேசிட்டு வாங்க" என்றார்.

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய எங்கள் குழுத் தலைவனுக்கு அங்கே வார்த்தை வரவில்லை. சம்சாரி வீட்டிலிருந்து வந்த ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், காலனிப் பெண்களோடு நடந்து மேடு பள்ளம் பார்த்தான். தண்ணீர் எங்கே இறங்கும், உறிஞ்சுகுழி எங்கே தோண்டலாம் என்று அவர்களிடமே கேட்டுக் கேட்டு முடிவு செய்தான். அன்று முதல் அவன் சொல்வதைக் கேட்டோம். யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிச்சமிருந்த ஆறு நாளில் பழைய வாய்க்காலை மூடி, புதிதாக வெட்டி, குழியும் தோண்டினோம். சமூகப் பணி என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த ஆறு நாளில்தான்.

என்.எஸ்.எஸ். திட்டத்துக்குப் பின்னால் நீண்ட விவாதம் இருந்தது. மாணவர்கள் தாமாக முன்வந்து தேசப் பணி செய்யட்டும் என்றது ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு. 1959-இல் அமைந்த தேஷ்முக் குழு அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. கடைசியில் விருப்பமே வென்றது. காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி.ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கிவைத்தார். அன்று 40 ஆயிரம் மாணவர்கள். இன்று நாடு முழுவதும் 40 லட்சத்தை ஒட்டி. சின்னம் கோனார்க் கோயிலின் தேர்ச் சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன.

இடையில் ஓர் அலை அடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அறிவொளி இயக்கம். தெருவிளக்கின் கீழ் சிலேட்டோடு உட்கார்ந்த பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த தொண்டர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். புதுக்கோட்டையில் அந்த இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். மாதக் கணக்கில் அதே தெரு, அதே முகங்கள் என்று பழகியதால்தான் அந்த இயக்கம் மாணவர்களையும் வளர்த்தது என்று நான் நம்புகிறேன்.

இன்றைய மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கைபேசியிலேயே படகும் பாலும் மருந்தும் ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள். 2018-இல் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோது மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களும் அவர்கள்தான்.

2023 ஜனவரியில் ஒரு முகாமுக்குப் பேசப் போயிருந்தேன். முகாம் நடத்தியவர்களில் பாதிக்கு மேல் மாணவிகள். எங்கள் காலத்தில் மாணவிகளை வெளியூரில் இரவு தங்க அனுப்பப் பல வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில், முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டியைக் கண்டுபிடித்திருந்தார்கள். குடியரசு தினத்தன்று கிராம சபை. வேதியியல் படிக்கும் மாணவி ஒருத்தி மனு எழுதிக் கொடுத்தாள். ஆனால் அவள் பேசவில்லை. "நீங்களே சொல்லுங்க பாட்டி, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள். பாட்டி சொன்னார். ஊராட்சித் தலைவரும் பெண்தான். அவர் கேட்டுக்கொண்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்.

1986-இல் அந்த நான்கு பெண்களுக்கு இப்படி ஒரு சபை கிடையாது. 1994-இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதைக் கொடுத்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாற்காலியைக் கொடுத்தது. அதனால் இன்றைய மாணவத் தலைவர்களின் வேலையே வேறு. மண் வெட்டுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் உரிமையை அது சேர வேண்டியவர் கையில் சேர்ப்பதுதான் பெரிய வேலை. நாங்கள் இதைச் செய்ததில்லை.

ஆனால் முகாம் ஏழு நாளாகிவிட்டது. அதில் தொடக்க விழா ஒரு நாளைத் தின்கிறது, நிறைவு விழா இன்னொன்றை. மருத்துவ முகாம், விழிப்புணர்வுப் பேரணி, ஒவ்வொன்றுக்கும் பேனர், புகைப்படம், பதிவேற்றம். எங்களைப் போல நான்காம் நாள் தவறைத் தெரிந்துகொண்டால் திருத்த எத்தனை நாள் மிஞ்சும்? அந்தப் பாட்டிக்குப் பணம் வந்ததா என்று சில மாதம் கழித்துக் கேட்டேன். மாணவிக்குத் தெரியவில்லை. "செமஸ்டர் வந்துருச்சு சார், போக முடியல" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது. குறை அவளுடையது அல்ல. அவள் திரும்பிப் போக யாரும் ஒரு நாளை ஒதுக்கவில்லை.

ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240 என்று திட்டத்திலேயே இருக்கிறது. கிராமத்தைத் தத்தெடுக்கவும் அதில் இடமிருக்கிறது. அந்த மணி நேரங்களைக் கல்லூரி வளாகத்தைக் கூட்டுவதிலும் விழாவுக்கு நாற்காலி போடுவதிலும் செலவழிக்க வேண்டாம் என்று திட்ட அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முகாம் போட்ட ஊருக்கே பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மூன்றுக்காவது போய் உட்காரட்டும்.