வெள்ளத்தில் மூழ்கிய மின்மோட்டார்

2018ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளம் பெருகிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வெள்ளம் வடிந்ததும் நெல்லாலைக்காரருக்கு எழும் முதல் ஆவல், மோட்டார் ஓடுகின்றதா என்று சுவிச்சைப் போட்டுப் பார்ப்பதாகும். தண்ணீர் கெடுக்காமல் விட்ட மோட்டாரையும் அந்த ஆவல் கெடுத்துவிடும்.

மோட்டாரின் உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களுக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சே காவல். நீர் பட்டவுடன் அப்பூச்சு அழிந்துவிடுவதில்லை. ஆயினும் அதன் நுண்ணிய வெடிப்புகளில் சேறும் உப்பும் கலந்த ஈரம் ஊறி நிற்கும். அந்நிலையில் 400 வோல்ற்று மின்சாரத்தைச் செலுத்தினால், அது ஈரத்தின் வழியே இரும்புக் கூட்டுக்குத் தாவும். சுருள் கருகும், கூட்டைத் தொட்டவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

ஆகவே, ஆலைக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, தேர்ந்த மின்வினைஞர் ஒருவரிடம் மோட்டாரைக் கழற்றி ஒப்படைத்தல் வேண்டும். அவர் முதலிற் செய்வது, சுருளை நன்னீராற் கழுவுவது. நனைந்ததை மேலும் நனைப்பதா என்று சிலர் முகஞ் சுளிப்பர். உட்படிந்த உப்பு நீங்காவிடின், உலர்ந்த பின்னரும் அது காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பின்னர்ச் சுருளை 80 அல்லது 90 பாகை செல்சியஸ் அளவான சூளையில் உலர்த்துவர். வெயிலில் வைத்தால் மேற்புறமே காயும். தீச்சுவாலையைக் காட்டினாலோ பூச்சே வெந்துவிடும்.

உலர்ந்ததா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. மெகர் என்னும் கருவியால் 500 வோல்ற்றுச் செலுத்திக் காவலின் தடையை அளக்கவேண்டும். 40 பாகை வெப்பநிலையில் 5 மெகா ஓமுக்குக் குறைந்தால், அத்தகைய மோட்டாரை ஓட்டலாகாது. சூளையில் இருக்கையில் இவ்வளவு முதலிலே இறங்கும். அதைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. ஈரம் வெளியேற வெளியேற அது ஏறி, ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். அதுவே உலர்ந்தமைக்கு அடையாளம்.

பெயரிங்குகளை மாற்றியே ஆகவேண்டும். சேறு புகுந்த கிரீசை வழித்துப் புதிது பூசுவது வீண் சிக்கனம். சில வாரங்களில் அவை இரைந்து உடையும்.

ஐஸ் கடைக் குளிர்ப்பெட்டியின் நிலை வேறு. அதன் மோட்டார் பொதுவாக உருக்குக் கூட்டினுள் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்த்து மூடப்பட்டிருப்பதால், கூடு பழுதடையாதவரை வெள்ளநீர் உட்புகாது. அங்கே வெளியிலுள்ள இணைப்புகளும் ரிலேயுமே பெரும்பாலும் கெட்டிருக்கும்.

சிறிய மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டும் கூலி, புதிய மோட்டாரின் விலையை நெருங்கிவிடும். அப்போது புதிது வாங்குவதே மேல். பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டைக் கடைக்கு எடுத்துச் செல்க. குதிரைவலு ஒத்திருந்தாற் போதாது. நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுழன்றதன் இடத்தில் 2,880 சுற்றுச் சுழல்வதை வைத்தால், அரிசி நொய்யாகும். தகட்டில் 132 என்ற சட்ட எண் இருப்பின், அச்சு பாதத்திலிருந்து 132 மில்லிமீற்றர் உயரத்தில் உள்ளது என்பது பொருள். அது மாறினால் வார்ப்பட்டி நேரே நில்லாது.

பூட்டிய பின்னர், வார்ப்பட்டியை மாட்டுமுன் ஒரு கணம் ஓடவிட்டுச் சுழலும் திசையைப் பார்க்கவேண்டும். எதிர்த்திசையிற் சுழன்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மோட்டாருக்கு வரும் மூன்று மின்கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினாற் போதும்.