தம்பதியர்க்கேற்ற மலை எது?

மணவிழா முடிந்து, உறவினர் வீட்டு விருந்துகளும் ஒருவாறு ஓய்ந்தபின், புதுமணத் தம்பதியர் நாலைந்து நாள் குளிர்ந்த இடமொன்றுக்குப் போய்வர விரும்புதல் இயல்பே. எம்மிடம் பயின்று இன்று உத்தியோகம் பார்க்கும் இளைஞர் சிலர், "நுவரெலியா போவதா, எல்ல போவதா?" என்று எம்மை வினவுவதுண்டு. நாம் உடனே விடை கூறுவதில்லை. "எந்த மாதத்திற் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்போம். ஊரையும் விடுதியையும் உடுக்கும் உடையையுங் கூடத் தெரிவுசெய்து முடித்தவர்கள், மாதத்தைப்பற்றி எண்ணியிருப்பதில்லை. மலைநாட்டிலோ மாதமே ஊரைத் தீர்மானிக்கின்றது.

இலங்கையின் நடுவிலுள்ள மலைத்தொகுதி ஆண்டுதோறும் இரு பருவக்காற்றுகளை எதிர்கொள்கின்றது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகக் கொட்டுகின்றது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகள் அக்காலத்தில் நாட்கணக்காக நனைந்துகொண்டேயிருக்கும். அதே காற்று முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது, தன் ஈரத்தை முன்னரே இழந்துவிட்டமையால், வெப்பமேறி வறண்ட காற்றாகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று சலித்துக்கொள்வது இக்காற்றையே. ஆகவே ஜூலையிலே நுவரெலியாவிற் குடைபிடித்து நிற்கும் ஒருவர், அதே நாளில் பண்டாரவளையில் வெயில் காய்ந்திருக்கலாம். டிசெம்பரில் நிலைமை மாறும். வாடைக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கத் தொடங்கும். தை பிறந்தபின் மேற்குப் பக்கத்து வானம் தெளியும்.

புகையிரதத்திற் செல்வோர் இதனைக் கண்ணாரக் காணலாம். சுமார் 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல, நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகும். அதனைக் கடந்ததும் ஒரு சுரங்கம் வரும். சுரங்கத்தின் இப்பக்கம் மூடுபனியும் தூறலும் இருக்க, அப்பக்கம் நீலவானம் தோன்றுவதைப் பயணிகள் கண்டு வியப்பதுண்டு. புவியியல் நூலில் மழைநிழற் பிரதேசம் என்று மனனஞ் செய்யும் மாணவர், ஒருமுறை அவ்வழியே சென்றுவந்தால் பின்னர் அதனை மறக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்க இயலாதெனில், தேயிலைக்காரரின் கணக்கைப் பின்பற்றலாம். ஊவாத் தேயிலை மணஞ் சிறப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரை; மேற்குப் பக்கத்துத் திம்புளைத் தேயிலை சிறப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. வறண்ட காற்றே கொழுந்துக்கு அந்த மணத்தைத் தருகின்றது. கொழுந்துக்கு நல்ல பருவம் மலைகாணச் செல்வோர்க்கும் நல்ல பருவமே.

இங்கே தமிழாசிரியர் ஒருவர் குறுக்கிடக்கூடும். தலைவனும் தலைவியுங் கூடுதற்குரிய நிலம் மலையாகிய குறிஞ்சியன்றோ, அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியுமன்றோ என்பார். உண்மையே. ஆயினும் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். எமது மலைநாட்டில் அவ்விரு மாதங்களும் இரு சரிவுகளிலும் மழைபொழியுங் காலம். இலக்கணம் பார்த்துப் புறப்பட்ட தலைவனுந் தலைவியும் விடுதியின் சாளரத்தருகே நான்கு நாள் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

அது நகைப்புக்குரிய செய்தி மட்டுமன்று. 2025 நவம்பர் இறுதியில், கார்த்திகை மாதத்தில், டித்வா புயல் கொணர்ந்த பெருமழையாற் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு உயிர்கள் பல அழிந்தன. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆதலின் எந்த மாதமாயினும், புறப்படுமுன் புகையிரதம் எதுவரை ஓடுகின்றது என்பதையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை எதனையும் விடுத்துள்ளதா என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும். விடுதிக்குச் செலுத்திய முற்பணத்தை எண்ணி மழையிற் புறப்படுதல் தகாது.

இனி ஊர்களைப் பார்ப்போம். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரமானது. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் தாயகத்தின் நினைவாக அமைத்துக்கொண்ட நகரம். 1873 இல் அமைந்த கிறகரி வாவியும், 1861 இற் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்கெனத் தொடங்கிப் பின் மலர்த்தோட்டமாக மாறிய அக்கலைப் பூங்காவும், அப்பூங்காவுக்கு அணித்தாகச் சீதையம்மன் கோயிலும் அங்குண்டு. பெற்றோரையும் உடனழைத்துச் செல்வோர்க்கு இதனினும் வசதியான ஊர் இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகியவர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று: ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலையிற் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. மெல்லிய சால்வை போதாது. ஏப்பிரலில் மலர்க்கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊர் நிரம்பி வழியும். அறை கிடைப்பதும் அரிது, கிடைத்தால் விலையும் பெரிது. இருவர் தனித்துப் பேசுதற்கு அந்த மாதம் ஏற்றதன்று.

எல்ல இன்று யாவரும் பெயர்சொல்லும் ஊர். சிங்களத்தில் எல்ல என்பது நீர்வீழ்ச்சியைக் குறிக்கும். 1921 இல் உருக்குச் சட்டங்களின்றிக் கல்லாலுஞ் செங்கல்லாலுங் கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் காணத்தக்கதே. ஆயின் பாலத்தைக் காண்போரினும், பாலத்தின் முன்னே தம்மைப் படம்பிடிப்போரே அங்கு மிகுதி. ஓர் அரைநாள் போதுமென்பது எமது துணிபு.

எமது மனம் நாடுவது அப்புத்தளை. சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின்மேல் ஒட்டவைத்தாற்போல அமைந்த சிறு பட்டினம் அது. கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் நிலம் காலடியிலேயே சரிந்து தெற்குச் சமவெளியாக விரியும். பகட்டான விடுதிகள் குறைவு. அதுவே அதன் சிறப்பு. அருகே 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகை உண்டு. அது பின்னர் பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாயிற்று. அங்கு ஓங்கிப் பேசுதல் கூடாது. புதுமணத் தம்பதியர்க்கு இதுவும் ஒரு நல்ல பயிற்சி! ஹோட்டன் சமவெளிக்குச் செல்ல விரும்புவோரும் அப்புத்தளையிலிருந்தே விடியுமுன் புறப்படலாம். உலகமுடிவு என்னும் செங்குத்துப் பள்ளம் சுமார் 870 மீற்றர் ஆழமானது. ஆனாற் காலை ஒன்பது, பத்து மணிக்குமேல் மூடுபனி எழுந்து அதனை மறைத்துவிடும். எமது குறிஞ்சியின் இனமான நெலுச் செடிகள் அச்சமவெளியில் உண்டு, பல்லாண்டுகட்கொருமுறையே பூப்பன.

எந்த ஊராயினும் ஒரே இடத்தில் மூன்றிரவு தங்குக என்பதே நாம் கூறுவது. நான்கு நாளில் நான்கு ஊர்களைக் காணப் புறப்படுவோர், வளைந்து வளைந்தேறும் வீதிகளில் வாகனத்துள் அமர்ந்து தலைசுற்றலையே அனுபவிக்கின்றனர். கூட்டுக்குடும்பத்தில் எப்போதும் ஒருவர் வருவதும் ஒருவர் போவதுமாயிருக்கும் வீட்டிலே, கணவனும் மனைவியும் ஒருமணிநேரம் இடையீடின்றிப் பேசுதல் அரிது. பணஞ்செலவிட்டு மலையேறுவது அந்த ஒருமணிநேரத்துக்காகவே. இருபதாண்டு இல்லறம் நடத்திய தம்பதியர்க்கு அது இன்னும் அவசியம் என்போம். அவர்கள் பிள்ளைகளின் பரீட்சையைப்பற்றியன்றி வேறெதனையும் பேசி நெடுநாளாயிருக்கும்.

மலையிலே தனிமையைத் தேடுவோர் அங்கு மனிதர் வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. நாம் அழகென்று வியக்கும் பச்சைச் சரிவுகள் இயற்கையாய் அமைந்தனவல்ல. 1820 களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரின் உழைப்பே அவ்வழகு. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த அவர்களின் வழித்தோன்றல்கள், 1948 இற் குடியுரிமை இழந்து, அதனை முழுமையாய் மீளப்பெற 2003 வரை காத்திருந்தனர். 2023 இல் அவர்கள் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. ஒடுங்கிய லயன் அறைகளில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, கூடை சுமந்து நிற்கும் பெண்ணைக் கேளாமலே படம்பிடித்துச் செல்லும் வழக்கம் எமக்கு உடன்பாடன்று. வெளிநாட்டார்க்கு மொழி தெரியாது, எமக்குமா தெரியாது? "அக்கா, இன்றைக்குக் கொழுந்து எப்படி?" என்று கேட்டால், மலையைப்பற்றி எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும். நிறுவைக்கு நேரமாயின் அவர்களை நிறுத்திவைத்தல் கூடாது. குறையும் ஒவ்வொரு கிலோவும் அவர்களின் ஊதியத்தைச் சார்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் வருவோர் பொல்காவலைச் சந்தியிலிறங்கி மலைநாட்டுப் பாதைக்கு மாறலாம். ஆசனத்தை முன்கூட்டியே பதிவுசெய்தல் நலம். அப்புத்தளையில் ஒருநாட் காலையைத் தம்பத்தனைக்கென ஒதுக்குக. 1890 இல் தோமஸ் லிப்ரன் அமைத்த தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் தோட்டவழியே ஏறினால், அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் முகட்டை அடையலாம். முச்சக்கரவண்டியும் போகும்; ஆயினும் ஏறும்போது வண்டியிற் சென்று, இறங்கும்போது இருவரும் நடந்துவருதலே உத்தமம். ஐந்தரை மணிக்கே புறப்படவேண்டும். வானந் தெளிந்திருந்தாற் தெற்கே கடலோரமும் தென்படும்.